சம்பா அறுவடையும் இரண்டாம் தவணையும்

நீடாமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வட இங்கிலாந்தின் ஒரு பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்ட ஆய்வுக்காகப் போன நான், பட்டம் பெற்றபின் அங்கேயே ஒரு துறை அலுவலகத்தில் மாணவர் நலனைக் கவனிக்கும் பணியில் சேர்ந்தேன். விடுப்பில் ஊருக்கு வரும்போதெல்லாம், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோரும் அனுப்பவிருக்கும் பெற்றோரும் மன்னார்குடியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வீடு தேடி வந்து பேசுகிறார்கள். குளிர் தாங்குமா, சோறு கிடைக்குமா, பகுதி நேர வேலை கிடைக்குமா என்று கேட்கும் அவர்கள், பிள்ளையின் மனம் அங்கே எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்பதில்லை. அவர்களுடைய அக்கறைக்குக் குறைவில்லை. அதையும் கேட்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

டெல்டாவிலிருந்து வரும் மாணவரின் மனச்சுமையை அங்குள்ளவர்கள் எளிதில் கண்டுகொள்ள முடியாததற்கு, நெல்லின் நாட்காட்டி அவர்களுக்குத் தெரியாதது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். கல்விக் கட்டணத்தின் முதல் தவணையை நகையை அடகு வைத்தோ வங்கிக் கடன் வாங்கியோ செப்டம்பரில் கட்டிவிடுகிறார்கள். இரண்டாம் தவணை பல இடங்களில் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வந்து நிற்கும். இங்கே தை, மாசியில் சம்பா அறுவடை நடப்பதும் அப்போதுதான். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்து குறுவை நன்றாக விளைந்த ஆண்டிலும்கூட, கடனை அடைக்கும் பணம் சம்பாவில்தான் வரும் என்று நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. நெல் களத்துக்கு வந்துவிட்டாலும் பணம் கைக்கு வந்துவிடாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பருவம் தவறித் தையில் ஒரு மழை பெய்துவிட்டால், தார்ப்பாய் போட்டு மூடிய குவியலின் அருகே விவசாயி இரவு பகலாகக் காத்திருக்க வேண்டும். தளர்வு கேட்டு மாநில அரசு எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய், உத்தரவு வரும்வரை தவணை நாள் பொறுத்திருக்காது.

அப்படியொரு பிப்ரவரியில், திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதுகலை மாணவர் ஒருவர் தவணை நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் சில நாட்களாக ஆய்வகத்துக்கு வரவில்லை என்று அங்கு வேலை பார்க்கும் பெண்மணி முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். "ஊர்ல மழையா தம்பி?" என்று கேட்டேன். "ஆமாக்கா, நெல்லு முளைச்சிருச்சாம். அப்பா போன்ல சொல்ல மாட்டேங்கிறாரு, சித்தப்பாதான் சொன்னாரு" என்று தொடங்கியவர், அதன்பிறகு நெடுநேரம் பேசினார். தூக்கம் போய்விட்டது, சமைக்கவும் மனம் வரவில்லை, மாணவர் விசாவில் பாடகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதால் கூடுதலாகச் சம்பாதிக்கவும் வழியில்லை. வீட்டுக்குப் பேசும்போது இவர் எல்லாம் நலம் என்கிறார். அப்பாவும் எல்லாம் நலம் என்கிறார். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக எண்ணி இருவரும் தனித்தனியே துன்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நிதிப் பிரிவில் பேசித் தவணையைப் பிரித்துக் கட்ட ஏற்பாடு செய்தோம், ஒப்படைப்புகளுக்கு அவகாசம் வாங்கினோம், ஜி.பி. எனப்படும் பகுதி மருத்துவரிடம் பதிவு செய்ய உடன் சென்றேன். அதன்பிறகுதான் கவுன்சலிங்குக்கு அவர் சம்மதித்தார்.

கவுன்சலிங் அறை எவ்வளவு நன்றாக நடத்தப்பட்டாலும், அந்தக் கதவை அவர் தானாகத் தட்டியிருக்க மாட்டார் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். வேறு காரியத்துக்காக மாணவர்கள் வருகிற இடங்களில், அதாவது துறை அலுவலகத்தில், நூலகத்தில், ஆய்வகத்தில், விடுதி வரவேற்பறையில், இன்னொரு கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். ஸ்டூடண்ட் மைண்ட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பல்கலைக்கழக மனநலச் சாசனமும், மனநலம் ஒரு பிரிவின் வேலை அன்று, கற்றல், ஆதரவு, பணி, வாழிடம் என்ற நான்கிலும் முழுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை என்றே சொல்கிறது.

நம் பிள்ளைகள் உதவி கேட்கத் தயங்குவதற்கு இரண்டு அச்சங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மருத்துவரிடம் போனால் பணம் செலவாகும் என்பது ஒன்று. விசா வாங்கும்போதே மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணமாகச் செலுத்திவிடுவதால், ஜி.பி.யைப் பார்க்கவோ அவர் பரிந்துரைக்கும் பேச்சுவழி மனநல சிகிச்சைக்கோ தனியாகப் பணம் கேட்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்தின் சொந்தக் கவுன்சலிங்கும் இலவசம். விசா போய்விடும் என்பது மற்றொன்று. ஆலோசகரிடம் பேசியதை யாரும் அந்நாட்டு உள்துறை அமைச்சகத்துக்கு எழுதுவதில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற கடுமையான நிலை வந்தாலொழிய அது அந்த அறையைத் தாண்டாது. வகுப்புக்கு வராமல் மறைந்து போவதைத்தான் பல்கலைக்கழகம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. ஆகவே முன்கூட்டியே பேசுவது விசாவுக்கும் பாதுகாப்பு. படிப்பை இடையில் நிறுத்திவைக்க நினைப்பவர் மட்டும், படிவத்தில் கையெழுத்திடுமுன் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏனெனில் அது விசாவைத் தொடும்.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியபின், டிசம்பரில் வட இங்கிலாந்தில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாள்தோறும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பற்றி எண்ணிப்பார்க்குமாறு அந்நாட்டு அரசே எல்லோருக்கும் சொல்கிறது; நம்மைப் போன்ற கருநிறத்தவர் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். நண்பகலில் அரை மணி நேரம் வெளியே நடப்பதும் உதவும்.

மனம் நோய்வாய்ப்படும் என்பது நம் பகுதிக்குத் தெரியாததன்று. காவிரி வடகரையில் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநலம் குன்றியோரை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் நாம் நோயென்று ஏற்றுக்கொள்வது அவ்வளவு முற்றிய நிலையை மட்டுமே. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை என்று வாரக்கணக்கில் நீளும் நிலையை "எல்லாம் பழகிடும்" என்று கடந்துவிடுகிறோம். அந்த நிலைதான் எளிதில் குணமாகக்கூடியது என்பதால் இது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போன வரலாறு நம் வீடுகளில் பெருமையோடு சொல்லப்படுகிறது. போர்க்காலத்தில் சைவ உணவுக்குத் திண்டாடித் தானே சமைத்துக்கொண்டு, 1917 முதல் நோயில் விழுந்து ஒரு மருத்துவ விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, ஊர்க் கடிதங்களும் அருகிப்போன நிலையில், 1918-இல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்ற பகுதியை நாம் விட்டுவிடுகிறோம். ராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். சாதனையும் மனத்துயரும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருக்கும் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்; மதிப்பெண் நன்றாக இருக்கிறதே, இவனுக்கு என்ன குறை என்று பெற்றோரும் முடிவு கட்டக் கூடாது.

கேட்பவரின் நிலையையும் பேச வேண்டும். அங்கே தொழில்முறை ஆலோசகர்களுக்கு, அவர்கள் சுமக்கும் கதைகளை இறக்கிவைக்க ஒரு மூத்த ஆலோசகரோடு மாதந்தோறும் நேரம் ஒதுக்கப்படுகிறது. துறை அலுவலகப் பணியாளருக்கும் இளநிலை விரிவுரையாளருக்கும் அப்படி எதுவும் விதியாக இல்லை. ஒப்பந்தக் காலம் முடியப்போகும் கவலையோடு, வேலை விசாவையும் நினைத்துக்கொண்டு, மாணவரின் கண்ணீரையும் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். எங்கள் அலுவலகத்தில் கனமான உரையாடல் ஒன்று நடந்த நாளில் உடன் பணிபுரியும் ஒருவரோடு அதைப் பேசிவிட்டே வீட்டுக்குப் போவது என்று ஒரு வழக்கத்தை நாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டோம். மாணவரின் பெயரைச் சொல்வதில்லை; நமக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் பேசுவோம். இந்த வழக்கம் இல்லாதிருந்தால் நான் இந்தப் பணியில் நீடித்திருப்பேன் என்று தோன்றவில்லை.

டெல்டாவின் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அப்படி ஒருவர் வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள், டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அங்கே இங்கிலாந்தில் இருப்பவர்கள் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் 116 123 என்ற உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

புறப்படும் பிள்ளையின் வீட்டாருக்கு ஒரு வேலை இருக்கிறது. பதினெட்டு வயது கடந்த மாணவரைப் பற்றி அவர் சம்மதமின்றி பெற்றோரிடம் பல்கலைக்கழகம் பேசாது. "எங்க புள்ளையப் பத்தி எங்ககிட்டயே சொல்ல மாட்டீங்களா" என்று என்னிடம் மனம் கசந்த அப்பாக்கள் உண்டு. ஆனால் சேரும்போதே, நெருக்கடியில் யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று பெயர் எழுதித்தரப் படிவம் கொடுப்பார்கள். பலர் அந்த ஊரில் உடன் தங்கியிருப்பவரின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அவரோடு, ஊரில் பதறாமல் கேட்கக்கூடிய ஒருவரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அவர் அத்தையாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், கல்லூரியில் பாடம் நடத்திய ஆசிரியராகவும் இருக்கலாம். யார் என்பதை விமானச் சீட்டு வாங்குமுன்பே பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்து, அவரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.