குழியில் தொடங்கிய ஆயிரம் கஜப் போட்டி

பெயர் பதியும் மேசையில் முதலில் கேட்பது "எந்தப் பிரிவு?" என்றுதான். படுத்துக்கொண்டு சுடும் நெடுந்தூரப் போட்டிகளில் எஃப்-கிளாஸ் என்று ஒரு வகை உண்டு. துப்பாக்கியை வெறும் கையாலும் தோள்வாராலும் தாங்கிச் சுடுவது வயதானவர்களுக்குச் சிரமமாகிவிட்டபோது, கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபர்குவர்சன் என்பவர் தாங்கியும், ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கியும் வைத்துச் சுட இடம் கேட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த வகை. பெயரில் உள்ள 'எஃப்' அவருடைய எழுத்துதான். இதற்குள் இரண்டு பிரிவுகள். 'ஓப்பன்' பிரிவில் பத்து கிலோ வரை துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். தோட்டாவைத் தேர்வு செய்வதிலும் தாராளம். 'டி.ஆர்.' பிரிவில் .308 வின்செஸ்டர் அல்லது .223 ரெமிங்டன் என்ற இரண்டு தோட்டா வகைகள் மட்டும்தான். முன்னால் இருகால் தாங்கி, பின்னால் மணல் பை; துப்பாக்கி, தாங்கி, ஸ்கோப் மூன்றும் சேர்ந்து 8.25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. என்னிடம் இருந்தது .308. யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பாதுகாப்பு விளக்கம் சுருக்கமாகவும் கறாராகவும் இருந்தது. தோட்டா அறையை மூடும் போல்ட் திறந்திருக்க வேண்டும். தோட்டா அறைக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடி செருகியிருக்க வேண்டும். இலக்குப் பக்கம் ஆள் நடமாடும்போது ஸ்கோப் வழியாகப் பார்ப்பதற்குக்கூடத் துப்பாக்கியைத் தொடக் கூடாது. ரேஞ்ச் அதிகாரி சொல்லும் வரை தோட்டா பெட்டிக்குள்தான் இருக்கும். பல ஆண்டுகளாகச் சுடுபவர்களும் முதல்முறை வந்தவர்களைப் போலவே கைகட்டி நின்று கேட்டார்கள். அந்த இடத்தின் மீது எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

வந்திருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சுடும், மறுபாதி இலக்குக் குழியில் வேலை செய்யும்; பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு முதலில் குழி என்று வந்ததும் உள்ளுக்குள் சலிப்புத்தான். சுட வந்தவனைப் பலகை இழுக்க அனுப்புகிறார்களே என்று நினைத்தபடி நடந்தேன். 1000 கஜம் என்பது 914 மீட்டர். அந்தத் தூரத்தை ஒருமுறை காலால் நடந்து பார்ப்பது நல்லது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், சுடும் வரிசையில் நிற்பவர்களின் உருவம் ஏற்கெனவே சிறுத்திருக்கும்.

குழி என்பது மண்மேட்டுக்குப் பின்னால் சுவர் கட்டிய ஒரு நீண்ட பள்ளம். இலக்குப் பலகை சட்டத்தில் ஏறி இறங்கும். எதிர் எடை இருப்பதால் இழுப்பது கடினமில்லை. குண்டுகள் நம் தலைக்கு மேலே போகும். முதலில் காதருகே சவுக்கு சொடுக்குவது போல ஓர் ஓசை. அதே கணத்தில் பின்னாலுள்ள மேட்டில் மண் தெறிக்கும். எல்லாம் முடிந்து ஒரு விநாடி கழித்துத்தான் துப்பாக்கி வெடித்த ஓசை மந்தமாக வந்து சேரும். .308 குண்டு இந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றே முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும். ஒலிக்கு ஏறக்குறைய 2.7 விநாடி தேவை. வெடியோசை வரும்போது இலக்கில் துளை விழுந்து பழசாகியிருக்கும்.

என்னோடு பலகை இழுத்தவர் வயதில் மூத்தவர், பல போட்டிகள் கண்டவர். "காதை நம்பாதீர்கள் தம்பி, மண்ணைப் பாருங்கள். பக்கத்துப் பலகைக்குப் போகிற குண்டும் நம் தலைக்கு மேல் போவது போலத்தான் கேட்கும்" என்றார். நம் பலகைக்கு நேர் பின்னால் மண் தெறித்தால் பலகையை இறக்க வேண்டும். துளையைத் தேடி, குண்டு பட்ட இடம் சுட்டவருக்குத் தெரிய அதில் குறித்தட்டைச் செருகி, பழைய துளையை ஒட்டி, மதிப்பெண் தட்டைச் சட்டத்தில் மாட்டி மீண்டும் ஏற்ற வேண்டும். இதெல்லாம் சில விநாடிகளில் முடிந்தாக வேண்டும். காற்று மாறுவதற்குள் அடுத்ததைச் சுட ஒருவர் அங்கே காத்துக்கிடக்கிறார் அல்லவா?

ஒரு பலகையில் மட்டும் சொடுக்கோசை இல்லாமலே மண் தெறித்தது. பெரியவர் சிரித்தார். "அந்த ஆள் 168 கிரெய்ன் குண்டோடு வந்திருக்கிறார்" என்றார். கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அலகு. 168 கிரெய்ன் போட்டிக் குண்டு 600 கஜத்தில் பெயர் பெற்றது. ஆனால் 1000 கஜத்தை நெருங்கும்போது அதன் வேகம் ஒலியின் வேகத்துக்கு இறங்கிவிடும். அதற்கும் கீழே போனால் சொடுக்கோசை இருக்காது; அந்த எல்லையில் குண்டும் தள்ளாடத் தொடங்கும். பலகையை இறக்கிப் பார்த்தபோது ஒரு துளை வட்டமாக இல்லாமல் நீளமாக இருந்தது. குண்டு பக்கவாட்டில் புரண்டபடி வந்து பட்டிருக்கிறது. நான் கொண்டுவந்திருந்தது 175 கிரெய்ன்.

குழியில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அதுவல்ல. ஒட்டுத்தாள் ஒட்டி ஒட்டித்தான் அது கண்ணில் பட்டது. பலகைக்குப் பலகை ஒட்டுத்தாள்கள் ஒரே வடிவத்தில் கிடந்தன. மேலும் கீழும் கொஞ்சம், இடமும் வலமும் நிறைய. நல்ல தோட்டா செய்துகொண்டு வந்தவர்களின் துளைகள் உயரத்தில் பத்து அங்குலத்துக்குள் அடங்கியிருந்தன. அகலத்தில் அதைப்போல மூன்று மடங்கு பரவியிருந்தன. போட்டிக்கு வருமுன் என் மாலைப்பொழுதுகள் வெடிமருந்தை நிறுப்பதிலேயே போயின. குண்டின் வேகம் விநாடிக்கு 30 அடி வேறுபட்டால் 1000 கஜத்தில் பத்து அங்குலம் அளவுக்கு ஏறி இறங்கும் என்பதால் அந்த உழைப்பு வீணில்லை. ஆனால் மதிப்பெண் போவது அந்த வழியாக இல்லை என்று பலகைகள் சொல்லின.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். நாங்கள் சுட்ட பலகையில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10 அங்குலம், ஒன்பதுக்கு 20 அங்குலம். என் தோட்டாவைப் பக்கவாட்டில் வீசும் மணிக்கு ஒரு மைல் காற்று 1000 கஜத்தில் ஒன்பது, பத்து அங்குலம் தள்ளிவிடும். மணிக்கு ஒரு மைல் என்பது முகத்தில்கூட உணர முடியாத காற்று. அதில் பாதியைத் தவறவிட்டாலே நடுவில் விழ வேண்டியது பத்தின் விளிம்புக்குப் போய்விடும்.

இடம் மாறிப் படுத்தபோது இதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தாங்கியை ஊன்றி, மணல் பையை நெருக்கி, மூச்சு விட்டால் குறுக்குக் கோடு நேர்மேலும் கீழும் மட்டும் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டேன். 100 கஜத்தில் பொருத்திய ஸ்கோப்பை இந்தத் தூரத்துக்கு ஏற்ற வேண்டும். குண்டு முப்பது அடிக்கும் மேல் விழுந்திருக்கும் என்பதால் திருகு சுழன்றுகொண்டே போகும். உயரத்துக்கான எண் கையில் இருந்தது. காற்றுக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. சோதனைக்கு இரண்டு தோட்டா, மதிப்பெண்ணுக்கு இருபது, மொத்தம் முப்பது நிமிடம்.

காற்றைக் காட்ட வழிநெடுக நட்டிருந்த கொடிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அருகில் இருந்தவை இடமிருந்து வலமாக அசைந்தன. இலக்குக்குப் பக்கத்தில் இருந்தவை கம்பத்தோடு ஒட்டித் தொங்கின. புதிதாக வருபவர்கள் இலக்கு ஓரத்துக் கொடியைத்தான் நம்புவார்கள், குண்டு அங்கேதானே படுகிறது என்று. பொதுவாக முன்பாதிக் காற்றுக்குத்தான் எடை அதிகம். தொடக்கத்திலேயே சற்றுத் திசை மாறிய குண்டு மிச்சத் தூரம் முழுவதும் அந்த விலகலைப் பெருக்கிக்கொண்டே போகும். கொடியைவிட எனக்கு உதவியது கானல். பக்கத்தில் தனியாக நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் வைத்தால், வெப்ப அலைகள் நீரோட்டம் போல ஒரு பக்கமாக ஓடுவது தெரியும். ஓட்டம் நின்று அலைகள் நேராக மேலெழும்பிக் கொதித்தால், காற்று ஓய்ந்திருக்கிறது அல்லது நேர் எதிரே, நேர் பின்னே வீசுகிறது. பார்க்க அமைதியாக இருக்கும்; அதை நம்பி விசையை அழுத்தக் கூடாது. அடுத்த கணம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது.

ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன்பே தாளில் என் கணிப்பை எழுதினேன். பலகை ஏறியதும் துளையை அதே தாளில் குறித்தேன். இந்த ஒழுங்கு கொஞ்சம் எரிச்சலூட்டும். பக்கத்தில் இருப்பவர் டமார், டமார் என்று போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் தாள் இல்லாவிட்டால், வலப்பக்கம் போன குண்டுக்குக் காரணம் காற்றா கையா என்று மனம் தனக்கு வசதியான பதிலைத்தான் சொல்லும்.

விசையைத் தொடுமுன் இலக்கின் எண்ணையும் ஒருமுறை வாசித்தாக வேண்டும். கண் சற்று நகர்ந்தால் பக்கத்துப் பலகை. 1874இல் நியூயார்க்குக்கு அருகே கிரீட்மூரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அயர்லாந்து வீரர் ஒருவர் மையத்திலேயே அடித்தார், பக்கத்துப் பலகையின் மையத்தில். நான்கு மதிப்பெண் பூஜ்யமாயிற்று. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. முதல்தர வீரருக்கே நடந்தது என்று தெரிந்த பிறகு எண்ணை உரக்க வாசிப்பதில் எனக்கு வெட்கமே இல்லை.

பாதி நேரம் முடிந்தபோது காற்று திடீரென வலுத்தது. நான் நிறுத்திவிட்டேன். கடிகாரம் ஓடுகிறது, வரிசையில் மற்றவர்கள் சுடுகிறார்கள், நான் மட்டும் கானலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அந்தச் சில நிமிடங்கள் முழுப் போட்டியிலும் கடினமானவை. பழைய ஓட்டம் திரும்பியதும் நான்கைந்து தோட்டாக்களை விரைந்து அனுப்பினேன்; குழியில் இருந்தவர்களும் பலகையைச் சுணங்காமல் ஏற்றித் தந்தார்கள். அவர்கள் கை வேகம் என் மதிப்பெண்ணில் எவ்வளவு என்பது, குழியில் நின்று வந்ததால் எனக்குத் தெரிந்தது.

முடிவில் இருநூறுக்கு 183. பட்டியலின் நடுவில் ஓர் இடம். தாளை விரித்துப் பார்த்தேன். இழந்த பதினேழில் இரண்டே மதிப்பெண்தான் உயரத்தால் போனவை; மீதி எல்லாம் காற்றின் கணக்கு. எங்கள் பிரிவில் முதலில் வந்தவரின் துப்பாக்கி குழல் தேய்ந்த பழையது. தாளைக் காட்டச் சொன்னேன், தயங்காமல் காட்டினார். ஒரே காற்றுநிலையைத் தேர்ந்துகொண்டு, அது இருக்கும்போது மட்டும் சுட்டிருக்கிறார். முதல் எட்டு நிமிடத்தில் பதினான்கு தோட்டா, பிறகு நீண்ட இடைவெளி, கடைசியில் ஆறு. "இந்தக் குழலை மாற்றப் போவதில்லையா?" என்று கேட்டேன். "அடுத்த ஆண்டு பார்க்கலாம். நீங்கள் அந்த ஸ்பாட்டிங் ஸ்கோப்பைத் துப்பாக்கிக்கு இன்னும் நெருக்கமாக வையுங்கள், தலையைத் தூக்காமலே பார்க்கலாம்" என்றார். அடுத்த போட்டிக்கான பதிவுத்தாளை அங்கேயே நிரப்பிக் கொடுத்தேன். முதலில் குழிக்குப் போக விருப்பமா என்று ஒரு கட்டம் இருந்தது. ஆம் என்று குறித்தேன்.