மாணிக்கம்னு சொன்னாலே கதை தானா வரும்

நாகமாணிக்கம் கதை கேக்காம திருநெல்வேலிப் பக்கம் யாரும் வளந்திருக்க மாட்டாங்க. எங்க ஆச்சி சொல்லுற கதையில, ஒரு நல்லபாம்பு நூறு வருஷம் யாரையும் கொத்தாம இருந்துச்சுன்னா விஷம் பூரா உள்ளயே இறுகிக் கல்லாயிரும், அமாவாசை ராத்திரியில பாம்பு அதக் கக்கித் தரையில வச்சுட்டு அந்த வெளிச்சத்துல இரை மேயும், அந்த நேரம் பாத்து பனையில ஏறி உக்காந்திருக்கவன் மேல இருந்து ஒரு கூடை சாணியத் தொப்புன்னு கல்லு மேல போட்டுரணும், வெளிச்சம் அணைஞ்சதும் பாம்பு கல்லத் தேடித் தேடி தலையத் தரையில அடிச்சு செத்துப்போவும், விடிஞ்சப்புறம் இறங்கி வந்து எடுத்துக்கிடலாம். சாணிக்கூடைய வச்சுக்கிட்டு எப்படி ஆச்சி பனை ஏறுவான்னு கேட்டா, "ஏட்டி, ஆசை வந்துட்டா எதையும் தூக்கிட்டு ஏறுவான்"னுட்டு வெத்தலைய மடிக்க ஆரம்பிச்சிருவா. எடுத்தவன் வம்சம் தழைக்காதுங்கிறதையும் கடைசியில சேத்துக்கிடுவா. அவளுக்குப் பரிதாபமெல்லாம் பாம்பு மேலதான்.

பாம்பு விஷம் காஞ்சா மஞ்சளா உதிரிப் பொடியாத்தான் வரும், அது பல புரோட்டீன் சேந்த கலவை, எத்தனை வருஷம் சேத்து வச்சாலும் கல்லாகாது. நிஜ மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடு, பூமிக்கடியில கடும் சூட்டுல உண்டாகுறது, அதுல கொஞ்சூண்டு குரோமியம் கலந்தா இந்த சிவப்பு வந்துரும். பாம்புக்கும் அதுக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. ஆனா எங்க பக்கம் இதச் சொல்லி யாரையும் நம்ப வைக்க முடியாது பாத்துக்கிடுங்க, ஏன்னா பாம்புங்கிறது இங்க சாமி. சங்கரன்கோவில்ல சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராஜா சிவன் பெருசா விஷ்ணு பெருசான்னு சண்டை போட்டு, கடைசியில சாமி சங்கரநாராயணரா ரெண்டும் சேந்து நின்னாருன்னு கதை, ஆடித்தபசுக்குக் கூட்டம் அள்ளும், புத்துமண்ண எடுத்து நெத்தியில பூசிக்கிட்டு வருவாங்க. அப்படிப்பட்ட ஊர்ல பாம்பு தலையில வெறும் மூளைதான் இருக்குன்னு சொன்னா சண்டைக்கு வந்துருவாங்க. இந்த நம்பிக்கைய வச்சு ஏமாத்துற கும்பலும் இருக்கு, இரிடியம், அரிசிய இழுக்கும்னு சொல்லுற ரைஸ் புல்லர் பாத்திரம், நாகமாணிக்கம்னு லட்சக்கணக்குல பணத்தக் குடுத்துட்டு ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறவங்களப் பத்தி பேப்பர்ல அடிக்கடி வரும், படிச்சவங்களும் அதுல இருப்பாங்க.

அப்புறம் கன்னியாகுமரி அம்மன் மூக்குத்தி. சின்ன வயசுல எங்கள அங்க கூட்டிட்டுப் போனா கர்ப்பக்கிரகத்த பாத்ததும் பெரியவங்க மொதல்ல சொல்லுறதே "மூக்குத்தியப் பாரு, மூக்குத்தியப் பாரு"தான். எண்ணெய் விளக்கு வெளிச்சத்துல அது சுள்ளுன்னு ஒரு பொட்டாத் தெரியும், கூட்டம் தள்ளுறதுக்குள்ள பாத்துக்கிடணும். அந்தக் காலத்துல கடல்ல போற கப்பல்காரங்க அந்த ஒளிய கலங்கரை விளக்குன்னு நெனச்சு பாறையில வந்து மோதிட்டாங்களாம், அதனால கிழக்கு வாசல சாத்தி வச்சு, வருஷத்துல சில விசேஷ நாள்ல மட்டும் தொறக்காங்க. வைரம்னு சொல்லுறவங்களும் உண்டு, எங்க வீட்டுல அது நாகம் குடுத்த மாணிக்கம். நானும் மாணிக்கக் கட்சிதான், கப்பல் வழிதவறுறதுக்கு சிவப்பு வெளிச்சம் இருந்தாத்தான் கதை நல்லா நிக்குது.

கவனிச்சுப் பாத்தா இந்தக் கதை எல்லாத்துலயும் மாணிக்கம் தானா எரியும், விளக்கு மாதிரி. நிஜக் கல்லு இருட்டுல எரியாது. ஆனா இதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, குரோமியம் இருக்கதால வெயில்ல இருக்குற புற ஊதாக்கதிர் பட்டா நல்ல மாணிக்கம் உள்ளுக்குள்ள இருந்து சிவப்பா ஒளிரும், பர்மாவுல மோகோக் பக்கத்துக் கல்லுக்கு அது ரொம்ப ஜாஸ்தி. அனல் மாதிரி இருக்குன்னு பழைய ஆளுங்க சொன்னது சும்மா இல்ல. பர்மாக்காரங்க வேற ஒரு படி மேல போயி, போர்வீரங்க தோலக் கீறி சதைக்குள்ள கல்ல வச்சுத் தச்சுக்கிட்டா கத்தி குத்தாதுன்னு நம்பியிருக்காங்க. ரத்தத்துக்குள்ள ரத்தநிறக் கல்லு.

ரத்தம்னதும் வலாசுரன் ஞாபகம் வருது. மதுரைத் திருவிளையாடல்ல மாணிக்கம் வித்த கதை இருக்குல்லா, ஆவணி மூலத் திருவிழாவுல இப்பவும் நடக்கே, அதுதான். ராஜா வேட்டைக்குப் போயி புலி அடிச்சு செத்துட்டாரு, ஆசைநாயகிகளோட பிள்ளைங்க கிரீடத்தயும் கஜானாவயும் தூக்கிட்டு ஓடிட்டாங்க, பட்டத்து இளவரசன் சின்னப்பிள்ளை, முடிசூட்டக் கிரீடத்துக்குக் கல்லு இல்ல. மந்திரிங்க கோயிலுக்குப் போற வழியில சொக்கநாதர் ரத்தின வியாபாரியா வந்து நிக்காரு. கல்ல நீட்டிட்டு சும்மா இருந்தாரா, அதோட கதையையும் சேத்துச் சொல்லுதாரு. வலன்னு ஒரு அசுரன், இந்திரனையே ஜெயிச்சவன், ஆனா கேட்டதக் குடுக்குற மனசு. இந்திரன் போயி என் யாகத்துக்கு நீயே பலியா வரணும்னு கேக்கான், அவனும் சரின்னுட்டான். பலியான உடம்புல ரத்தம் மாணிக்கமாச்சு, பல்லு முத்தாச்சு, எலும்பு வைரமாச்சு, பித்தம் மரகதமாச்சு, இப்படி ஒம்பதும். நவரத்தின மோதிரம் போட்டிருக்கவங்ககிட்ட இதச் சொல்லிப் பாருங்க, முகம் ஒரு மாதிரி ஆயிரும். எனக்கு இதுல பிடிச்சதே கடைசியில ஜெயிச்சவன் இந்திரனா இருந்தாலும் ஒம்பது ரத்தினமும் அசுரன் உடம்புல இருந்து வந்ததா கதைய வச்சாங்க பாருங்க, அதுதான்.

மதுரைக் கதையில மாணிக்கத்துக்கு இருக்குற எடம் எங்க பக்கம் முத்துக்குத்தான். கண்ணகி சிலம்ப உடைச்சா மாணிக்கம் தெறிச்சுது, பாண்டிமாதேவி சிலம்புல இருந்தது முத்து, அந்த ஒரு வித்தியாசத்துலதான் ராஜா உயிரே போச்சு. அந்த முத்து கொற்கையில இருந்து போயிருக்கும்னு எங்க ஊர்க்காரங்க அடிச்சுச் சொல்லுவாங்க, கொற்கை இப்ப தூத்துக்குடி மாவட்டம், 1986 வரைக்கும் எல்லாம் ஒரே திருநெல்வேலிதான். சிவப்புக்கல்லு இங்க விளையாது, கடல் தாண்டி இலங்கை ரத்தினபுரியில இருந்து வரணும். கடற்கரையில சிவப்பா மின்னுற கார்னெட் மணல் உண்டு, ஆனா அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கிற சமாச்சாரத்துக்குத்தான் போவுது. காயல்பட்டினத்து ஆளுங்க தலைமுறை தலைமுறையா கொழும்புல கல்லு யாவாரம் பண்ணுனவங்க, ஒரு கல்லக் கையில வாங்கி வெளிச்சத்துல திருப்புனாலே அது எந்த ஊருன்னு சொல்லிருவாங்கன்னு பேரு. 13ஆம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ இந்தக் காயல் துறைமுகத்தப் பத்தி எழுதியிருக்காரு, பாண்டிய நாட்டு ராஜா 104 முத்தும் மாணிக்கமும் கோத்த மாலையப் போட்டுக்கிட்டு அத எண்ணி ஜெபம் பண்ணுவாருன்னும், இலங்கை ராஜாகிட்ட ஒரு சாண் நீளம் ஆள் கை தண்டி மாணிக்கம் இருந்துச்சு, சீனாவ ஆண்ட குப்ளாய்கான் ஒரு நகரத்தோட மதிப்பக் குடுக்கேன்னும் அவரு விக்கலன்னும் எழுதியிருக்காரு. கை தண்டி எல்லாம் கொஞ்சம் ஓவர்தான், நம்ம ஆச்சிக்கு அண்ணனா இருந்திருப்பாரு.

இன்னொரு வேடிக்கை, உலகத்துலயே பேர்போன மாணிக்கம் ரெண்டு, மாணிக்கமே கிடையாது. இங்கிலாந்து ராஜா கிரீடத்துல முன்னாடி இருக்குற கறுப்பு இளவரசர் மாணிக்கமும், ஜஹாங்கீர், நாதிர்ஷான்னு பல ராஜா பேர் வெட்டியிருக்குற தைமூர் மாணிக்கமும் ஸ்பைனல்னு வேற ஒரு கல்லு. ரெண்டும் தனித்தனிக் கனிமம்னு பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் 1783ல பிரிச்சுக் காட்டுனாரு. அதுக்குள்ள எத்தனை ராஜா அதத் தலையில வச்சு எத்தனை யுத்தம் பண்ணி முடிச்சாச்சு, கல்லு பொய்ங்கிறதால யாரு கிரீடமும் கழண்டு விழல.

எங்க சித்தி மக பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வடசேரியில செட்டு எடுத்தோம், நாகர்கோவில் கோயில் நகைன்னு புவிசார் குறியீடு வாங்குனது அதுதான். நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம், எல்லாத்துலயும் கெம்புக்கல்லு. சடைநாகத்தக் கையில வாங்கிப் பாத்தேன், உச்சியில படம் எடுத்த நாகம், அதுக்குக் கீழ சடை நீளத்துக்கும் கட்டம் கட்டமா கல்லு, ஒவ்வொரு கல்லுக்கும் அடியில பளபளன்னு தகடு, தகட்டுல பட்டுத் திரும்புற வெளிச்சந்தான் அம்புட்டு சிவப்பு. ஒரு கல்லு கழண்டிருந்தத ஆசாரி எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டுனாரு, தகடு இல்லாம வெறும் மங்கலாக் கெடந்துச்சு, சாதாக் கண்ணாடி. மேடையில லைட்டு பட்டதும் முன்வரிசையில இருந்த எங்க அத்தை "அம்மன் மாதிரி இருக்காளே"ன்னு கண்ணத் துடைச்சாவ. சடையில பாம்பு, பாம்பு மேல சிவப்புக்கல்லு, ஆச்சி கதை அப்படியே. கண்ணாடியா மாணிக்கமான்னு அங்க யாரும் கேக்கல.

ஜோசியத்துலதான் கேப்பாங்க, அங்க கல்லு ஒரிஜினலா இருக்கணும். மாணிக்கம் சூரியனுக்கு, தங்கத்துல கட்டி, ஞாயித்துக்கெழமை காலையில, மோதிர விரல்ல. சிம்ம ராசிக்கு, அரசாங்க வேலைக்கு, அப்பா உடம்புக்கு. நீலக்கல்லோட சேத்துப் போடவே கூடாது, அது சனி, சூரியனுக்கும் சனிக்கும் ஆகாது, அப்பனும் மகனும் சண்டை. இதுல எனக்கு ஒரு விஷயம் ரொம்ப ஆச்சரியம். மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்தான், குரோமியம் சேந்தா சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேந்தா நீலம். கெமிஸ்ட்ரி தெரியாத காலத்துலயே அது ரெண்டையும் அப்பன் மகனாக்கி வச்சவன் யாருய்யா! தற்செயலாத்தான் இருக்கும், ஆனாலும்.

எங்க அண்ணன் குரூப் பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தப்ப மதினி ஒரு மாணிக்க மோதிரம் எடுத்துக் குடுத்தா, கடை பேரு வேண்டாம். கொஞ்ச நாள்ல அழுக்கா இருக்கேன்னு எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா, கல்லு மேல வெள்ளை வெள்ளையா கீறல் எழும்பிருச்சு. விரிசல் விழுந்த மட்டமான கல்லுல ஈயக் கண்ணாடிய உருக்கி ஊத்தி நிரப்பி விக்கிறாங்க, அந்தக் கண்ணாடிய எலுமிச்சைச் சாறே அரிச்சிரும். நிஜ மாணிக்கம் கடினத்துல 10க்கு 9, வைரத்துக்கு அடுத்த எடம், எலுமிச்சை அத ஒண்ணும் பண்ணாது. வாங்குறவங்க லேப் சர்டிபிகேட்ல கண்ணாடி நிரப்புனதான்னு ஒரு வரி இருக்கும், அதப் படிச்சுட்டு வாங்குங்க. அண்ணன் பாஸ் பண்ணிட்டான், அதனால மதினி கடைக்காரன மன்னிச்சுட்டா.

ஒரிஜினல் வேணும்னா இன்னொரு வழி இருக்கு. 1902லயே பிரான்ஸ்ல வெர்னாய்ங்கிறவரு தீயில உருக்கி மாணிக்கம் செஞ்சு காட்டிட்டாரு, அதுல குரோமியம் அலுமினியம் எல்லாம் அப்படியே இருக்கும், கல்லுக்கும் அதுக்கும் மூலப்பொருள்ல வித்தியாசமே இல்ல. கைக்கடியாரத்துக்குள்ள சக்கரம் தேயாம சுத்துறதுக்கு வைக்கிற குட்டிக் கல்லு அதுதான். எங்க தாத்தாவோட எச்எம்டி ஜனதா வாட்ச்ல 17 ஜூவல்ஸ்னு எழுதியிருக்கும். நாப்பது வருஷம் பதினேழு மாணிக்கத்த இடது கையில கட்டிக்கிட்டு அலைஞ்சிருக்காரே, அதுக்கு சூரிய பலம் எப்படின்னு டவுன்ல ஒரு ஜோசியர்கிட்ட கேட்டேன். அவரு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "வாட்ச் எந்தக் கிழமை வாங்குனதும்மா?"ன்னு கேட்டாரு.