சைகோன் தாத்தாவும் மூன்று ஆயாக்களும்

ஜனவரி 5

ரெட்டியார்பாளையத்து அத்தையைக் கேட்டால் குடும்ப வரலாறு ரெண்டே நிமிஷம். எள்ளுத் தாத்தாவுக்கு, அதாவது சைகோன் தாத்தாவுக்கு, ரெண்டு பெண்டாட்டி. நெல்லித்தோப்பில் கட்டியது பெரிய ஆயா. அவர் போன பிறகு வந்தது சின்ன ஆயா. பெரியவருக்கு ஒரு பெண், ரெண்டு ஆண். சின்னவருக்குப் பிள்ளை இல்லை. எங்கள் தெருவில் முதலில் கப்பலேறியவர் தாத்தா, ஓட்டு வீடு சைகோன் பணம். அவ்வளவுதான். எந்த வருசம் போனார், எப்போது திரும்பினார் என்றால், "அதெல்லாம் எதுக்குடா இப்ப, சோத்தைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடு."

ஜனவரி 11

பாண்டிச்சேரிக்காரனுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. காலனிகளில் எழுதும் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகளில் ஒரு பிரதி பிரான்ஸுக்கு வர வேண்டும் என்று 1776-லேயே அரசாணை போட்டுவிட்டார்கள். அந்தப் பிரதிகள் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன. ஸ்கேன் செய்து இலவசமாக இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் மச்சானுக்கு இந்த வசதி இல்லை. பங்குக் கோயில் ஏடு, பழைய கிரயப் பத்திரம் என்று அலைகிறான்.

பெயரைத் தட்டினால் வந்து விழாது. ஊர், வருசம் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். வருசத்தைக்கூட எண்ணில் போடாமல் எழுத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே ஆள் ஒரு பக்கத்தில் 'எஸ்' வரிசையிலும் அடுத்ததில் 'சி' வரிசையிலும் உட்கார்ந்திருப்பார்.

ஜனவரி 19

தாத்தாவின் ரெனோன்சான் தாள் கிடைத்தது, 1882. சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறலாம் என்று 1881 செப்டம்பர் 21-ல் ஆணை வந்தது. அப்படி மாறியவர்தான் ரெனோன்சான். ஒருமுறை எழுதிக் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. இதை முன்னின்று நடத்தியவர் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல் பூட்ஸ் காலோடு கோர்ட்டுக்குள் போய்ப் பெரிய வழக்கானதே, அவர்தான். பிறகு லபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்.

தாத்தாவும் அன்றுதான் குடும்பப் பெயர் வைத்திருக்கிறார். அதற்கு முன் வெறும் இன்னார் மகன். இந்தத் தாள் இல்லாவிட்டால் ரெண்டு பேரும் ஒரே ஆள் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. கூடவே மனைவி பெயர், மூன்று வயதுப் பெண் குழந்தை பெயர். ஆண் பிள்ளை யாரும் இல்லை. கொச்சின்சீனாவில், அதாவது பிரெஞ்சுக்காரன் ஆண்ட தெற்கு வியட்நாமில், போலீஸ், சுங்கம் என்று வேலைக்குப் போன ரெனோன்சான்கள் நிறைய. தாத்தா கையெழுத்துப் போடும்போதே கப்பலை நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

ஜனவரி 27

பெரிய ஆயா இறப்பு, 1884, பாண்டிச்சேரி. சொன்னவர் ஆயாவின் தம்பி. புருஷன் 'சைகோனில் இருப்பவர்' என்று ஒரே வரி. தம்பியின் கையெழுத்து தமிழில், ஒரு புள்ளிகூட வைக்காமல். கடைசி எழுத்தில் பேனாவை அழுத்தியதில் மை பரவி, கீழே எழுதிய குமாஸ்தாவின் வரி வரைக்கும் இறங்கியிருக்கிறது.

அத்தை சொல்லும் ரெண்டு ஆண் பிள்ளைகளை எங்கே காணோம்?

பிப்ரவரி 8

சின்ன ஆயாவின் கல்யாணப் பதிவு, 1893. தாத்தா பெயருக்குப் பின்னால் 'இன்னாரை இழந்தவர்' என்று எழுதும் இடத்தில் ரெண்டு பெண்கள். முதலாவது பெரிய ஆயா. ரெண்டாவது, 'மீதோவில் 1890-ல் இறந்த' ஒருவர். மீதோ சைகோனுக்குத் தெற்கே இருக்கும் ஊர். அத்தை கணக்கிலேயே இல்லாதவர்.

பதிவில் பெண்ணுக்குக் கடைசிவரை பிறந்த வீட்டுப் பெயர்தான் என்பது எவ்வளவு பெரிய உதவி! அதை வைத்துக்கொண்டு ராத்திரியே கொச்சின்சீனா பதிவேடுகளுக்குள் போய்விட்டேன். 1885-ல் சைகோனில் கல்யாணம். 1886-ல் அங்கேயே மூத்த மகன். 1889-ல் மீதோவில் இளையவர். சைகோன் மீதோ ரயில் ஓட ஆரம்பித்ததும் 1885-ல்தான். ரெண்டு பிள்ளைக்கும் தாய் அந்த நடு ஆயா.

அந்த மூத்த மகன் என் கொள்ளுத் தாத்தா.

பிப்ரவரி 9

அத்தையிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வியட்நாம்காரியா?"

"இல்லை அத்தை. காரைக்காலில் பிறந்தவர். அவங்க அப்பா சைகோனில் தையல்காரர்."

அத்தைக்கு ஏமாற்றம். "நம்ம மூக்கு நெல்லித்தோப்பு ஆளுங்க மூக்கு இல்லன்னு எங்க அம்மா சொல்லும்டா. நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்."

யாரும் வேண்டுமென்றே மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. தாயில்லாமல் வந்திறங்கிய நாலு வயதும் ஏழு வயதுமான பையன்களை வளர்த்தது சின்ன ஆயா. பிறந்தது யார் வயிற்றில் என்று பிறகு கேட்டவர்களுக்கு, தெரிந்த பெரிய ஆயா பெயரைச் சொல்லியிருப்பார்கள். மீதோவில் செத்தவரை இங்கே பார்த்தவர் யார்?

பிப்ரவரி 22

தாத்தா எங்கே இருந்தார் என்று அவர் பெயரில் தேடுவது வீண். ஆண்பிள்ளை ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார், ஏட்டில் அகப்பட மாட்டார். பிள்ளைகளைத் தேடினால் அவர் அகப்படுகிறார். பெரிய ஆயாவின் மகள் கல்யாணம் 1896-ல் இங்கே நடந்தது. தகப்பன் நேரில் வரவில்லை. சைகோனில் நொத்தேர் (பத்திரம் பதியும் நோட்டரி) முன் எழுதிய சம்மதப் பத்திரம் வந்திருக்கிறது, தேதியோடு. அப்படியானால் சின்ன ஆயாவைக் கட்டிய மூன்றே வருசத்தில் தாத்தா திரும்பவும் கப்பலேறியிருக்கிறார். வீட்டில் இதை யாரும் சொன்னதே இல்லை.

மார்ச் 2

காரைக்கால் பதிவேடு, 1865. அதே பெயரில் ரெண்டு பெண் குழந்தைகள், ஒரே வருசம். ஒருத்தியின் அப்பா படகுக்காரர், இன்னொருத்தியின் அப்பா தையல்காரர். தையல்காரரின் பெயரும் சைகோன் கல்யாணப் பதிவில் இருக்கும் பெயரும் ஒன்று. வீடு எந்தத் தெருவில் என்றும் எழுதியிருக்கிறது.

அத்தை போன் செய்தார். காரைக்காலுக்கு எப்போது போகிறாய், நானும் வருகிறேன், பஸ் வேண்டாம், கார் எடு என்கிறார்.