உள்ளங்காலில் ஒரு மச்சம்

பள்ளியில் இருந்து மகளிடம் ஒரு படிவம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பெயர், பிறந்த தேதி, இனிஷியல் எல்லாம் எழுதியாகிவிட்டது. அங்க அடையாளம் இரண்டு வேண்டும். இடது முழங்கையில் ஒரு மச்சம், அது பிறந்ததிலிருந்தே இருப்பது. இரண்டாவதைத் தேடியபோதுதான் காலைத் தூக்கிக் காட்டினாள். வலது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி, மை தெறித்த மாதிரி ஒரு புள்ளி.

"தீபாவளிக்கு மருதாணி வச்சப்ப இது இல்லையே" என்றாள் மனைவி.

என் அம்மாவுக்கு ஒரே குஷி. "உள்ளங்கால்ல மச்சம்னா கடல் தாண்டிப் போவாடா!"

எனக்குத் தூக்கம் போனது. இரவு ஒரு மணிக்கு மொபைலில் படித்ததெல்லாம் வயிற்றைக் கலக்கியது. நம் மாதிரி கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் வருவதே அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தானாம். வெயிலே படாத இடம்! ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் வந்தது இதுதான். கால்பந்து ஆடியதில் பட்ட காயம் என்றே முதலில் நினைத்திருக்கிறார்கள். 1981-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. என் மகளுக்கு 14.

அலுவலகத்தில் ஒருவர், சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்றார். இன்னொருவர் பார்லரில் சுட்டுவிடச் சொன்னார். இதைத் தோல் டாக்டரிடம் சொன்னதும் அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "சுட்டுட்டா அப்புறம் எதை சார் டெஸ்டுக்கு அனுப்புறது?"

டெர்மாஸ்கோப் என்று ஒரு கருவி, விளக்கு வைத்த பூதக்கண்ணாடிதான். மகளின் காலில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளங்கால் தோலில் ரேகைகள் வரப்பும் வாய்க்காலுமாக ஓடுகின்றன. சாதாரண மச்சத்தில் கருநிறம் பெரும்பாலும் வாய்க்காலில் படியும். வரப்பு மேல் ஏறியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். மகளுக்கு வாய்க்காலில்தான் இருந்தது, கோடு போட்ட மாதிரி. தஞ்சாவூர்க்காரனுக்கு இதைவிடப் புரிகிற மாதிரி யாரும் சொல்ல முடியாது.

பதின்வயதில் புது மச்சம் வருவதும், இருப்பது கறுப்பதும் வழக்கம்தானாம். அந்த வயதில் மெலனோமா மிக அரிது. ஆனாலும் ஒரு பாதி ஒரு மாதிரியும் மறு பாதி வேறு மாதிரியும் இருந்தால், ஓரம் பிசிறடித்தால், இரண்டு மூன்று நிறம் கலந்தால், 6 மில்லிமீட்டரைத் தாண்டினால், முக்கியமாக மாறிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். மற்ற மச்சங்களோடு சேராமல் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தாலும் காட்ட வேண்டும். சின்ன வயதுக்காரர்களுக்குக் கறுப்பே இல்லாமல் சிவந்த பரு மாதிரியும் வரலாம் என்று அவர் சொன்னது எனக்குப் புதுசு.

ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து மகளே போட்டோ எடுத்துக்கொண்டாள். 4 மில்லிமீட்டர். படிவத்தில் மட்டும் அதை எழுத மாட்டேன் என்றாள். "எக்ஸாம் ஹால்ல ஷூவைக் கழட்டிக் காட்டணுமாப்பா?" நெற்றித் தழும்பை எழுதினோம்.

அன்று இரவு, ஏதோ தோன்றி, அம்மாவின் காலைப் பார்த்தேன். பெருவிரல் நகத்தில் பட்டையாக ஒரு கறுப்பு. "அதுவா? வாசல்படியில இடிச்சுக்கிட்டேன். பொங்கலுக்கு முன்னாடியே இருக்கு." இடித்த ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர நுனிப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். இது அடியிலிருந்தே கோடாக வருகிறது. நகத்தில் கறுப்புக் கோடு நம்மில் பலருக்குச் சாதாரணமாகவே இருக்கும் என்றும் படித்தேன். இருந்தாலும் வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். மருந்து வாங்கத்தான் என்று சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும்.