பின்வீட்டு விளக்கு: சாரல் மாத நாட்குறிப்பு

ஜூன் 9, ஞாயிறு

சாரல் இறங்கிவிட்டது. ஆரியங்காவுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று புளியரையில் ஒவ்வொரு ஓடாகத் தூக்கிப் பார்க்கிறது. இராத்திரி 2.10க்குக் கரண்டு போனது. அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் கத்தியது, இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. நாற்பது நிமிடம். தெரு முழுக்க இருட்டு. பின்வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. அங்கே கனெக்‌ஷனே கிடையாது.

4.30க்கு அங்கே விளக்கு எரிந்தது.

ஜூன் 10, திங்கள்

அப்பாவின் விரல் மீட்டரில் ஆக்சிஜன் அளவு 91. மெஷின் நிமிடத்துக்கு 2 லிட்டர்.

ஜூன் 12, புதன்

இன்வெர்ட்டர் கணக்கு, இன்னொரு தடவை. பேட்டரி 150 ஆம்பியர் மணி, 12 வோல்ட். பெருக்கினால் 1800 வாட் மணி. மெஷின் 320 வாட் இழுக்கிறது, இன்வெர்ட்டர் தானும் கொஞ்சம் தின்னும். புது பேட்டரி என்றால் மூன்றரை மணி நேரம் நம்பலாம். இது நாலு வருஷப் பேட்டரி. இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. மின்விசிறி ஓடினால் அதுவும் குறையும். அதனால் கரண்டு போனதும் முதல் வேலை மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைத் திறப்பது.

கடைக்காரர் விலை மலிவு என்று ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரைத்தான் முதலில் காட்டினார். அது டியூப் லைட்டுக்குப் போதும். கம்ப்ரஸர் உள்ள மெஷினுக்கு ஆகாது: உறுமும், சூடாகும், ஒருநாள் நின்றுவிடும். சைன் வேவ்தான் வேண்டும். மெஷின் பிளக்கை நேராகச் சுவரில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கூடாது. அம்மா அந்தப் பெட்டியில் மிக்ஸியையும் செருகுவாள்.

கணக்குப் போட்டு முடிக்கும்போது மணி 4.30.

ஜூன் 13, வியாழன்

இந்தக் காற்றில் அந்த விளக்கு எப்படி நிற்கிறது என்று நாலு நாளாக யோசனை. இன்று விடிந்த பிறகு மதில் மேல் எட்டிப் பார்த்தேன்.

விளக்கு வைக்கிற மாடக்குழி பின்வீட்டுக்காரரின் கிழக்குச் சுவரில் இருக்கிறது. காற்று மேற்கிலிருந்து வருவதால் அந்தச் சுவர் மறைவுதான். ஆனால் கூரையைத் தாண்டி வரும் காற்று கீழே சுருண்டு விழும். நேர்க்காற்றைவிட அதுதான் விளக்குக்குக் கெட்டது. அதற்கு ஓர் உடைந்த ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்திருக்கிறார். முழுக்க மூடவில்லை. கீழ்ப்பக்கம் இரண்டு விரல் இடைவெளி. முழுக்க மூடினால் சுடருக்குக் காற்று போதாமல் புகையும், பிறகு தானே நின்றுவிடும். மாடக்குழியின் மேல்விளிம்பில் கரி குறைவு. அதிலேயே தெரிகிறது, திரியை நீட்டி விடுகிற ஆள் இல்லை.

படம் இல்லை, சிலை இல்லை. வெறும் அகல்.

பால் பாக்கெட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறான் பையன். காசு ஒரு கல்லுக்கு அடியில் இருக்கும். ஆளைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது என்றான்.

ஜூன் 16, ஞாயிறு

அம்மாவுக்குப் பூஜையறை விளக்கு விஷயத்தில் இன்னும் ஆறவில்லை. மெஷின் வந்த நாளிலிருந்து வீட்டில் தீ கிடையாது, அடுப்பைத் தவிர. பேட்டரி விளக்கு ஒன்று வாங்கி வைத்தேன். அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “இது கல்யாண மண்டபத்து ஜிகினாடி.”

மறுபடியும் விளக்கிச் சொன்னேன். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் ஆவேசமாக எரிய வைக்கும். குழாயிலிருந்து கசிவது மெத்தையில், தலையணையில், அப்பாவின் துண்டில் ஊறி நிற்கும். மெஷினை நிறுத்திய பிறகும் துணியைக் காற்றாட விட வேண்டும், இருபது நிமிடமாவது. தீக்கும் அப்பாவுக்கும் நடுவே குறைந்தது பத்தடி. நம் பூஜையறை நாலடி. ஊதுபத்தி, சூடம், கொசுவர்த்திச் சுருள் எல்லாம் ஒரே கணக்குத்தான்.

“பத்தடிக்கு அங்கிட்டு வச்சா?”

வைக்கலாம். பின்கட்டில் வைக்கலாம். ஆனால் அங்கே வைத்தால் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு அப்பா பார்க்கட்டும் என்று உள்ளே வருவாள். எனக்கு அவளைத் தெரியும்.

ஜூன் 17, திங்கள்

தூக்கமில்லை.

ஜூன் 20, வியாழன்

அப்பாவுக்கு மூக்குத் துவாரத்தில் புண். அம்மா தேங்காயெண்ணெயோடு வந்துவிட்டாள். வாஸலினும் கூடாது, எண்ணெயும் கூடாது. ஆக்சிஜன் பாயும் இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. தண்ணீர்ச் சார்புள்ள ஜெல்தான். காதுக்குப் பின்னால் குழாய் அறுத்த இடத்தில் பஞ்சு சுற்றினேன். தண்ணீர் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீர், தினம் மாற்ற வேண்டும், மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழாயில் தண்ணீர் ஏறி, மூக்கில் சொட்டும். நேற்று அதுதான் நடந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் துடைத்துக்கொண்டார்.

ஃபில்டர் வாரம் ஒருமுறை. சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காய வைத்து. ஈரத்தோடு மாட்டக் கூடாது. சாரல் மாதத்தில் எது காய்கிறது? இரண்டு ஃபில்டர் இருந்தால்தான் சரிப்படும்.

ஜூன் 22, சனி

பௌர்ணமி. நிலா எங்கே, மேகம்தான்.

மாடக்குழிப் பக்கத்தில் இரண்டு பாட்டில். ஒன்றில் தேங்காயெண்ணெய், விடிகாலைக் குளிரில் வெள்ளையாக உறைந்து நிற்கிறது. இங்கே ஜூன் மாதத்தில் அது வாடிக்கை. 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டிக்கொள்ளும். உறைந்த எண்ணெய் திரியில் ஏறாது. ஏற்றியவுடன் திரியின் நுனி மட்டும் எரிந்து கருகும். அதனால் நல்லெண்ணெய் கலக்கிறார். இன்னொரு பாட்டில் அதுதான். விளக்கெண்ணெய் மட்டும் ஊற்றினாலும் இதே தொல்லைதான், கனம் அதிகம், திரி மெதுவாகத்தான் உறிஞ்சும்.

திரி பழைய வேட்டித் துணி. முறுக்கு தளர்ந்தால் எண்ணெய் மளமளவென்று ஏறிச் சுடர் பெரிதாகிப் புகை கக்கும். இறுக்கினால் ஏறாது. வெளியே நீட்டியிருப்பது ஓர் அரிசி நீளம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஒற்றைத் திரிக்கு நாலு மணி நேரம் வரும். சடசடவென்று வெடித்தால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஈரத்தில் திரியைத் திறந்து வைத்தாலே போதும். அவர் திரிகளைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், உடம்புச் சூட்டில். முந்தாநாள் அவர் சட்டைப் பையிலிருந்து எடுப்பதைப் பார்த்தேன். கையைத்தான் பார்த்தேன், முகத்தை இல்லை.

ஜூன் 24, திங்கள்

கழுதுருட்டியிலிருந்து வருகிற நர்ஸ் சேச்சியிடம் பின்வீட்டு விளக்கைக் காட்டினேன். அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஸ்ரீநாராயண குரு 1921இல் திருச்சூர்ப் பக்கம் காரமுக்கில் விளக்கைத்தான் பிரதிஷ்டை பண்ணினார், 1927இல் களவங்கோட்டில் கண்ணாடி என்றாள். “பின்னெ எந்தினு சிலை?”

அம்மாவுக்கு வடலூர் ஞாபகம் வந்துவிட்டது. சத்திய ஞான சபை, 1872. ஏழு திரை, முதல் திரை கறுப்பு. தைப்பூசத்தன்று ஒவ்வொன்றாக விலக்குவார்கள். கடைசியில் கண்ணாடி, அதன் பின்னால் சோதி. கறுப்புத் திரை தொங்குகிற நேரத்திலும் சோதி எரிந்துகொண்டுதான் இருக்கிறது, விலக்குகிறவர் ஏற்றுவதில்லை. தருமசாலை அடுப்பு 1867இல் மூட்டியது, இன்றுவரை அணையவில்லை. வள்ளலார் 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குச் சில மாதம் முன்னால் உள்ளே இருந்த விளக்கை வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அம்மா அதைச் சொல்லிவிட்டுப் பின்வீட்டைப் பார்த்தாள். ஆள் உள்ளே, விளக்கு வெளியே.

எனக்கு இந்தப் பேச்சில் ஒரு சலிப்பு உண்டு. அகவொளி, அக இருள் என்று பேசுகிறவர்கள் யாரும் திரிக்கரி வெட்டியதாகத் தெரியவில்லை. நுனியில் கொண்டை கட்டிய கரியைக் கிள்ளாமல் எந்த விளக்கும் இரண்டாம் நாள் சரியாக எரியாது.

ஜூன் 27, வியாழன்

மீட்டர் 87 காட்டியது. கை தானாக மெஷின் குமிழுக்குப் போனது. 3 வைத்தால் என்ன, 4 வைத்தால் என்ன.

டாக்டர் சொன்னது 88இலிருந்து 92. அதற்கு மேலே ஏற்றக் கூடாது. அப்பாவுக்கு இருக்கிற மாதிரி நுரையீரலில் ஆக்சிஜன் கூடினால் கரியமில வாயு வெளியேறாமல் தங்கும். காலையில் தலைவலி, பகலில் ஒரு மாதிரித் தூக்கம், கூப்பிட்டால் குழறல். எண் நன்றாக இருக்கும், ஆள் மயங்கிக்கொண்டே போவார்.

விரல் ஜில்லென்று இருந்தது. தேய்த்துச் சூடாக்கி, கையைத் தாழ்த்தி வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி மாட்டினேன். 90. குளிர்ந்த விரலில் மீட்டர் குறைத்துக் காட்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதலில் பயந்துவிட்டுத்தான் தேய்க்கிறேன். பின்வீட்டுக்காரர் பயந்துகொண்டு ஏற்றுகிறாரா, பயமில்லாமல் ஏற்றுகிறாரா? மாடக்குழியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஓடு தினமும் அதே சாய்வில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 30, ஞாயிறு

போடக் கூடாத கணக்கையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 2, செவ்வாய்

நேற்று இராத்திரி 11.40க்குக் கரண்டு போனது. மெயின் ரோட்டில் மரம் விழுந்து கம்பி அறுந்ததாம். 1.35க்கு இன்வெர்ட்டர் கூவத் தொடங்கியது. கணக்கு சரி, இரண்டு மணி நேரம்கூட வரவில்லை.

அடுத்து ஆக்சிஜன் சிலிண்டர். வரிசை தப்பக் கூடாது. முதலில் வால்வை ஒரு நொடி திறந்து மூட வேண்டும், வாயில் உள்ள தூசி பறந்து போக. அப்புறம் ரெகுலேட்டர், உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பார்த்து. மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது, கையில் தைலம் இருந்தால்கூட. வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். முள் ஏறும். பி டைப் சிலிண்டரில் 1500 லிட்டர்; நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம். முள் பாதியில் நின்றால் நேரமும் பாதி.

சாவி அதன் கழுத்தில் கயிற்றில் தொங்க வேண்டும். தொங்கவில்லை. போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடினேன். அம்மா துடைக்கும்போது எடுத்து ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறாள். மாட்டித் திறந்தால் ஸ்ஸ் என்று கசிவு. வாஷர் பிசகியிருந்தது. மூடி, கழற்றி, மருந்துப் பெட்டியிலிருந்த உபரி வாஷரைப் போட்டு, சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். குமிழி இல்லை.

அப்போது ஜன்னலில் வெளிச்சம் ஆடியது.

மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார், கையில் அகல், மறுகை காற்றுக்கு மறைவு. மதிலுக்கும் அப்பா ஜன்னலுக்கும் ஆறடிகூட இல்லை. மின்விசிறி நின்றதால் ஜன்னல் திறந்து கிடந்தது.

“இந்தாம்மா, வெளிச்சம்.”

“அண்ணாச்சி, கிட்ட வராதீங்க! அணைங்க, அதை அணைங்க! உள்ள ஆக்சிஜன் ஓடுது!”

அவர் ஊதவில்லை. விரலால் திரியைப் பின்னுக்கு இழுத்து எண்ணெயில் முக்கினார். மறைவு பிடித்த கை, எண்ணெய் மினுங்கிய விரல், அப்புறம் ஒன்றுமில்லை. கருகிய திரி வாசனை மட்டும் வந்தது. அவர் போகவில்லை. இருட்டுக்குள் அங்கேயே நிற்கிறார் என்று மூச்சில் தெரிந்தது.

“எத்தனை அடி?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.05க்குக் கரண்டு வந்தது. அம்மா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: “விளக்கை அணைன்னு சொல்லுவாங்களாடி? குளிர வைங்கன்னு சொல்லணும்.”

ஜூலை 3, புதன்

4.30. மாடக்குழி இருட்டு. 5 மணி, இருட்டு.

ஜூலை 4, வியாழன்

விளக்கு போகவில்லை, இடம் மாறிவிட்டது. மாடக்குழியில் ஓடு இல்லை, பாட்டில் இல்லை. அவர் வீட்டுக்கு அந்தப் பக்கம் பலாமரத்து இலையின் அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் மஞ்சள். மேற்குச் சுவருக்குக் கொண்டுபோய்விட்டார். எங்களுக்காக. மேற்குச் சுவர் கணவாய்க்கு நேர் எதிர். அங்கே எந்த ஓட்டை எப்படிச் சாய்த்தாலும் நிற்காது.

நின்று கேட்டேன். தீக்குச்சி உரசும் சத்தம். ஒன்று. இலை மஞ்சளாகி, அணைந்தது. இரண்டு. மூன்று. ஒன்பது குச்சி எண்ணினேன். ஒன்பதாவதில் இலை மஞ்சளாகவே இருந்தது, கொஞ்ச நேரம்.

பழைய மாடக்குழி அப்பா ஜன்னலிலிருந்து இருபத்தைந்து அடி. டேப் பிடித்து அளந்தேன். பத்தடி போதும்.

அம்மாவிடம் சொன்னேன். “போய்ச் சொல்லு” என்றாள். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே இருக்கிறார்.

ஜூலை 5, வெள்ளி

அமாவாசை. பால் பாக்கெட் வைக்கும் கல்லுக்கு அடியில் சீட்டு எழுதி வைத்தேன். “அண்ணாச்சி, பத்தடி போதும். பழைய இடம் இருபத்தைந்து அடி. அங்கேயே ஏற்றுங்கள்.” சாரலில் மை கரையும் என்று பால்பாயிண்டில் எழுதி, மாத்திரை வந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மடித்தேன்.

பதினான்கு குச்சி.

ஜூலை 6, சனி

பால் பாக்கெட் இல்லை, காசு இருக்கிறது. உறை அப்படியே இருக்கிறது, பிரிக்கவில்லை. கல்லை மட்டும் கொஞ்சம் நகர்த்தி அதன்மேல் நன்றாக ஏற்றி வைத்திருக்கிறார், பறக்காமல்.

அவருக்குக் கண் தெரிகிறதா என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

4.30. ஃபில்டர் மாற்றினேன், காய்ந்தது. தண்ணீர் மாற்றினேன். விரலைத் தேய்த்துவிட்டு மீட்டர் மாட்டினேன். 90. 2 லிட்டர்.

விடிந்ததும் மதிலருகே நின்று உரக்கச் சொல்ல வேண்டும்: பத்தடி, அண்ணாச்சி.