பங்குனித் தேதிகள்

பிப்ரவரி 9
நாடக ஏஜெண்டின் கடைக்குப் போய் இந்த ஆண்டுத் தேதிகளைக் குறித்து வந்தேன். பங்குனிப் பொங்கலில் தொடங்கிக் கோடை முழுதும் ஓடும் ஸ்பெஷல் நாடகக் காலத்துக்கு, ஆர்மோனியம் வாசிக்கும் எனக்கு இதுவரை உறுதியான 11 தேதிகளில் 9 வள்ளி திருமணம், ஒன்று அரிச்சந்திர மயான காண்டம். மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்று மட்டும், அர்ச்சுனன்–பவளக்கொடி கதையைச் சொல்லும் பவளக்கொடி நாடகத்தைக் கேட்டிருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி வீடு வந்த பிறகும் அடங்கவில்லை.

பிப்ரவரி 12
பவளக்கொடிக்கு ஏஜெண்டு தயங்குவதன் காரணம் புரிகிறது. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், சிறுவர்களுக்குப் பாடமும் பாட்டும் சொல்லிக்கொடுத்து, ஒத்திகை பார்த்தே மேடையேற்றினார். ஸ்பெஷல் நாடகத்திலோ நாயகனாகும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாகும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், கோமாளியான பபூன் வேறோர் ஊர் என்று தனித்தனியே வந்து, ஒப்பனை அறையில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வள்ளியும் நாரதரும் தினைப்புனத்தில் செய்யும் தர்க்கம் எல்லோருக்கும் மனப்பாடம். பவளக்கொடியில் அடுத்த பாட்டு எது என்று ஒருவர் தடுமாறினால், ஆர்மோனியத்தில் இருப்பவன்தான் முதலடியைப் பின்பாட்டாக எடுத்துக்கொடுத்துக் கதையை நகர்த்த வேண்டும். அந்தப் பொறுப்பு இந்த முறை என்னுடையது.

பிப்ரவரி 20
ஆர்மோனியத்தைப் பிரித்தேன். மேல் ஸ்தாயியில் ஒரு ரீடு, அதாவது ஒலி எழுப்பும் உலோக நாக்கு, காற்றுப் பட்டும் சற்றுத் தாமதித்தே பேசியது. மெல்லிய காகிதத்தை அந்த நாக்குக்கு அடியில் விட்டு இழுத்ததும் பொடித் தூசி உதிர்ந்தது, சுரம் சுத்தமாக வந்தது.

மார்ச் 3
புதுக்கோட்டையிலிருந்து ஸ்திரீபார்ட் கலைஞர் தொலைபேசியில் பேசினார். பவளக்கொடியாக இரண்டே முறை நடித்திருக்கிறாராம். "அண்ணே, தோட்டத்துப் பாட்டை நான் வசனம் முடிச்சுத்தான் எடுப்பேன், நீங்க எப்படி?" என்று கேட்டார். என் குருநாதர் பாட்டை முதலில் வைத்து, அதன் பிறகே வசனத்துக்கு வழிவிடுவார். அரை மணி நேரம் பாடியும் பேசியும் பார்த்ததில் அவருடைய முறையில் கதை தெளிவாக நிற்பதை உணர்ந்து ஒப்புக்கொண்டேன். ஐந்து கட்டைச் சுருதியில் அவர் குரல் சிரமமில்லாமல் நின்றது.

மார்ச் 10
ஊர்ப் பெரியவர் அட்வான்ஸுடன் வந்தார். பத்து மணிக்குத் தொடங்கும் பபூன், டான்ஸ் பகுதி நள்ளிரவைத் தாண்டினால் அர்ச்சுனனும் பவளக்கொடியும் சந்திப்பதற்குள் பாதிக் கூட்டம் உறங்கிவிடும் என்பதால், அதைப் பன்னிரண்டு மணிக்குள் முடிக்கச் சொல்லுமாறு கேட்டேன். நகைச்சுவை குறைவதை நான் விரும்புகிறவன் அல்லன், கதைக்கு உரிய இரவு கதைக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். "விடியிற வரைக்கும் நடத்துங்க தம்பி, நாங்க உக்காந்திருக்கோம்" என்றார் அவர். நோட்டீஸில் எங்கள் பெயர்களைச் சிறிதாகவும் பவளக்கொடி என்பதைப் பெரிதாகவும் அச்சிட, அவர் எதிரிலேயே அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன்.