இரண்டாம் முயற்சியில் தேறினேன்: இணைய உள்ளடக்கத் தேர்வு அனுபவம்

இணையப் பக்கங்களுக்கு எழுதும் திறனைச் சோதிக்கும் தேர்வின் முடிவு நேற்று வந்தது. தேறிவிட்டேன். போன முறை கவிழ்ந்தது, கொடுத்த பக்கத்தை வாசகருக்கு ஏற்றபடி மாற்றி எழுதும் பகுதியில்தான்; அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொள்குறி வினாக்களுக்கு யாருடைய அறிவுரையும் வேண்டியதில்லை.

முதல் முயற்சியில் வந்தது, கடவுச்சொல் மாற்றும் உதவிப் பக்கம். அதன் தொடக்கம்: “எங்கள் மதிப்புமிக்க பயனர்களின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, கடவுச்சொல் மாற்றும் வசதி வழங்கப்பட்டுள்ளது.” இதை இழைத்து இழைத்து ஓசை நயத்தோடு எழுதிவைத்தேன். என் நடை மீது எனக்கு அவ்வளவு செருக்கு. மதிப்பீட்டுக் குறிப்பில் இருந்தது ஒரே வரி: “வாசகர் செய்ய வேண்டியது எங்கே?” அது ஐந்தாம் பத்தியில் கிடந்தது.

இதில் வேடிக்கை, அதே தேர்வில், மக்கள் இணையத்தில் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனின் 1997 ஆய்வைப் பிசகாமல் எழுதியிருந்தேன்: 79 சதவீதத்தினர் நுனிப்புல் மேய்ந்தார்கள், 16 சதவீதத்தினர் மட்டுமே சொல் விடாமல் படித்தார்கள். அடுத்த பக்கத்திலேயே யாரும் மேய முடியாத பத்தி!

இந்த முறை வினாத்தாளின் ஓரத்தில் முதலில் ஒன்றை எழுதினேன்: வந்தவர் எதைக் கேட்டு வந்தார்? அதற்குப் பதில் சொல்லாத வாக்கியங்களையெல்லாம் அடித்தேன். ஒன்பதில் மிஞ்சியவை மூன்று. பாதி நேரம் அடிப்பதிலேயே போயிற்று. சுருக்கமாக எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. என்னைப் போன்ற வளவளப்புக்காரர்களுக்கு வேறு வழியில்லை.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- “இங்கே கிளிக் செய்யவும்” கண்ணில் பட்டால் மாற்றிவிடுங்கள். திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருள்) பயன்படுத்துவோர் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பதுண்டு. பத்து “இங்கே” கேட்டால் எதைத் திறப்பது?
- அலங்காரப் படத்தின் மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக எழுதும் விவரம்) வெறுமையாக இருக்க வேண்டும். நான் வர்ணனை எழுதி மதிப்பெண் இழந்தேன்.
- தலைப்பில் விஷயம் முதலில். தமிழில் வினை கடைசியில் வருவதால் “கடவுச்சொல்லை மாற்றுதல்” என்று எழுதினாலே பாதி வேலை முடிந்தது. “எங்கள் தளத்தில்” என்று தொடங்கிக் கெடுக்காதீர்கள்.
- “வழங்கப்படும்”, “மேற்கொள்ளப்படும்”: யார் செய்வார், எப்போது என்று எழுதுங்கள்.

மாதிரி வினாத்தாள்கள் தீர்ந்துபோனால், ஏதாவது உதவிப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, விரலால் தள்ளாமல் முதல் திரையிலேயே பதில் தெரிகிறதா என்று பாருங்கள். தினம் ஒன்றாக மூன்று வாரம் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் முதல் திரை முழுக்க வரவேற்புரைதான்.